நிரல்மொழிக்குத் தமிழில் கையேடு போட்டால் போதாது, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு நடக்கும் நிரலாக்க முகாம்களைப் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. பிள்ளைகள் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் படம், பிரமுகர் ஒருவர் பைத்தான் என்ற கணினி நிரல்மொழிக்கான கையேட்டை வெளியிடும் படம், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் அவருக்குப் பொன்னாடை போர்த்தும் படம். பார்க்க மனசுக்கு நிறைவாகவே இருக்கிறது. நம் பிள்ளைகள் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்று நேரத்தையும் பணத்தையும் செலவழிக்கிறவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வெளியீட்டு விழா முடிந்து ஒரு வருஷம், இரண்டு வருஷம் கழித்து அந்தக் கையேட்டின் கதி என்ன என்று யாரும் எழுதுவதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், இடம் கொடுங்கள்.

நான் பினாங்கு பாயான் லெப்பாஸில் சில்லுகளைச் சோதிக்கிற மென்பொருள் எழுதும் வேலையில் இருக்கிறேன். 1972இல் இங்கே தொழிற்பேட்டை தொடங்கிய பிறகு நம் அம்மாக்களும் அத்தைமார்களும் ஷிப்ட் பஸ் ஏறி வந்து உற்பத்தி வரிசையில் உட்கார்ந்த அதே வட்டாரம். இன்றைக்கு நம் பிள்ளைகளில் சிலர் அதே வட்டாரத்தில் அந்த இயந்திரங்களை ஓட்டும் நிரலை எழுதுகிறார்கள், இன்னும் நிறையப் பேர் எழுத வேண்டும். சனிக்கிழமைகளில் பட்டர்வொர்த்தில் சில நண்பர்களோடு சேர்ந்து ஆறாம் ஆண்டு, முதலாம் படிவம், இரண்டாம் படிவம் மாணவர்களுக்குப் பைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

வெளியில் இருப்பவர்களுக்கு இந்தத் தொழிலில் ஒரு விஷயம் தெரிவதில்லை. எங்களில் யாரும் நிரல்மொழியை மனப்பாடம் செய்து வைத்திருப்பதில்லை. இருபது வருஷ அனுபவம் உள்ளவர்கூட ஒரு நாளைக்குப் பல தடவை அந்த மொழியின் கையேட்டைத் திறந்து பார்த்துக்கொண்டுதான் வேலை செய்கிறார். இந்தக் கட்டளைக்கு என்ன கொடுக்க வேண்டும், என்ன திருப்பித் தரும், எந்தப் பதிப்பில் மாறியது, எப்போது பிழை சொல்லும் என்று ஒவ்வொன்றும் அங்கேதான் இருக்கிறது. அதைத் தானாகத் திறந்து படித்துப் புரிந்துகொள்ளப் பழகின பிள்ளைக்குத்தான் முகாம் முடிந்த பிறகும் நிரலாக்கம் கைவரும், பழகாத பிள்ளைக்கு முகாமோடு சரி. அதனால்தான் கையேடு என்பதை நான் இவ்வளவு பெரிய விஷயமாகப் பேசுகிறேன்.

எங்கள் வகுப்புக்கு வந்த ஒரு பையன், வேறு ஏதோ முகாமில் கொடுத்த தமிழ்க் கையேட்டைக் கொண்டுவந்தான். எந்த அமைப்பு போட்டது என்பது இங்கே முக்கியமில்லை. அழகான அட்டை, வண்ணப் படங்கள், முன்னுரை மட்டும் மூன்று. நான்காம் பக்கத்தில் முதல் நிரல்: திரையில் எழுத்தைக் காட்டும் பிரிண்ட் கட்டளை, அதற்குப் பக்கத்தில் மேற்கோள் குறிக்குள் வணக்கம். அடைப்புக்குறி இல்லை. பைத்தான் 2இல் அது ஓடியிருக்கும். 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3இல் பிரிண்டுக்கு அடைப்புக்குறி கட்டாயம். பைத்தான் 2க்கான ஆதரவே 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டது. இதில் இன்னொரு கோளாறும் இருந்தது. கையேட்டை வேர்டில் தட்டச்சு செய்திருக்கிறார்கள், அது நேரான மேற்கோள் குறியைத் தானாகவே வளைந்த குறியாக மாற்றிவிட்டது. அச்சில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, ஆனால் அதே கையேட்டின் பிடிஎப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் இது செல்லாத எழுத்து என்று பைத்தான் நிறுத்திவிடும். அந்தப் பையன் வீட்டில் உட்கார்ந்து அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்திருக்கிறான். வகுப்பில் என்னிடம், "டீச்சர், எனக்கு இது வராதுபோல" என்றான். தவறு அவனுடையது இல்லை, கையேட்டினுடையது. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? அச்சில் வந்தது சரியாகத்தான் இருக்கும், நமக்குத்தான் மண்டையில் ஏறவில்லை என்றுதான் நினைக்கும். எனக்கு இந்தக் கவலை வந்தது அங்கேதான்.

அந்தக் கையேட்டை எழுதியவர் நல்ல மனசோடுதான் எழுதியிருப்பார். எழுதிய காலத்தில் அது ஓடியும் இருக்கலாம். பிரச்சினை அவரிடம் இல்லை, எழுதி வெளியிட்டதோடு வேலை முடிந்தது என்று நாம் எல்லோரும் நினைப்பதில்தான் இருக்கிறது. கதைப் புத்தகம் பத்து வருஷம் கழித்தும் கதைப் புத்தகம்தான். நிரல்மொழி அப்படி நிற்பதில்லை. பைத்தானில் 3.9க்குப் பிறகு ஒவ்வொரு அக்டோபரிலும் ஒரு புதிய பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஐந்து வருஷ ஆதரவு, அப்புறம் முடிந்தது. புதிதாகச் சேர்வதோடு இருப்பதும் போகும். 2024இல் வந்த 3.13இல் மொழியோடு சேர்ந்து வந்த பழைய ஆயத்த நிரல் தொகுதிகள் 19ஐ ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். இணையப் பக்கங்களுக்கு ஒரு காலத்தில் எல்லோரும் பயன்படுத்திய சிஜிஐ தொகுதியும் அதில் ஒன்று. அதை வைத்துப் பாடம் எழுதியிருந்தால் அந்தப் பாடம் அன்றோடு செத்துவிட்டது. யாராவது பார்த்துத் திருத்த வேண்டும், இல்லையென்றால் இது பழையது என்று மேலே ஒரு வரியாவது போட வேண்டும்.

இதைப் பெரிய மொழிகள் எப்படிச் சமாளிக்கின்றன என்று பார்த்தால் நமக்குக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. பைத்தானின் கையேடு தனியாக எங்கோ ஓர் அலமாரியில் இருப்பதில்லை, மொழியின் நிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில் பக்கத்துக் கோப்புறையில் இருக்கிறது. ஒருவர் ஒரு கட்டளையின் நடத்தையை மாற்றினால் அதே மாற்றத்தோடு கையேட்டின் அந்தப் பத்தியையும் திருத்தி அனுப்ப வேண்டும், பரிசீலிப்பவர் இரண்டையும் சேர்த்துத்தான் பார்ப்பார். கையேட்டுக்குள்ளேயே எது எந்தப் பதிப்பில் வந்தது, எது எந்தப் பதிப்பில் மாறியது என்று எழுதியிருக்கும். பிரிண்ட் கட்டளையின் விளக்கத்தைத் திறந்து பாருங்கள், பிளஷ் என்ற வசதி 3.3இல் சேர்ந்தது என்று அடியில் ஒரு வரி இருக்கும். பக்கத்தின் கடைசியில் எப்போது திருத்தப்பட்டது என்ற தேதியும், தவறு கண்டால் சொல்வதற்கு ஓர் இணைப்பும் இருக்கும். நம்முடைய முகாம் கையேடுகளில் நான் தேடிப் பார்த்தவரை இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. எந்தப் பதிப்புக்கு எழுதியது என்றுகூடப் போடுவதில்லை.

எடுத்துக்காட்டு நிரல்களை அவர்கள் நம்பிக்கையின் பேரில் விடுவதும் இல்லை. பைத்தானில் டாக்டெஸ்ட் என்று ஒரு கருவி உண்டு, டிம் பீட்டர்ஸ் எழுதியது, 2001இலிருந்தே மொழியோடு சேர்ந்து வருகிறது. கையேட்டில் இருக்கும் எடுத்துக்காட்டை அது தானே எடுத்து ஓட்டிப் பார்க்கும். கையேட்டில் போட்டிருக்கும் விடையும் ஓடிவந்த விடையும் ஒத்துப்போகாவிட்டால் உடனே சொல்லிவிடும். ரஸ்ட் மொழியில் இதை இன்னும் இறுக்கமாக வைத்திருக்கிறார்கள். விளக்கக் குறிப்புக்குள் எழுதிய எடுத்துக்காட்டுகள், மற்ற சோதனைகள் ஓடும்போது அவற்றோடு சேர்ந்து தொகுக்கப்பட்டு ஓடும், ஓடாத எடுத்துக்காட்டு இருந்தால் சோதனை தோல்விதான். கோ மொழியிலும் எடுத்துக்காட்டுக்கு அடியில் வரவேண்டிய விடையை எழுதி வைத்தால் சோதனைக் கருவி சரிபார்த்துவிடும். இவற்றில் எதுவும் காசு கொடுத்து வாங்க வேண்டியது இல்லை. அந்தப் பையன் கொண்டுவந்த கையேட்டின் நிரல்களைத் தனிக் கோப்புகளாக வைத்து, அச்சுக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை கணினியில் ஓட்டியிருந்தால், நான்காம் பக்கத்துத் தவறு நான்கே விநாடியில் தெரிந்திருக்கும்.

சரி, அதிகாரபூர்வக் கையேட்டையே தமிழில் கொண்டுவந்துவிட்டால் என்ன? வழி இருக்கிறது, பலருக்கும் அது தெரியாது. ஜூலியன் பலார், இனாடா நவோக்கி, விக்டர் ஸ்டின்னர் என்ற மூன்று பேர் 2017இல் பைத்தானுக்கு ஒரு முன்மொழிவு எழுதினார்கள், எண் 545. பைத்தான் கையேட்டை மற்ற மொழிகளில் எப்படி மொழிபெயர்த்து அதே தளத்தில் வைப்பது என்பதற்கான விதிமுறை அது. ஜப்பானியம், பிரெஞ்சு, கொரியம் என்று தொடங்கி இன்று பல மொழிகள் அந்தத் தளத்தின் மேல்பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் பெயர் வருவதற்கு மொத்தக் கையேட்டையும் முடித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. பிழை தெரிவிக்கும் பக்கம், அறிமுகப் பயிற்சி முழுவதும், உள்ளமைந்த கட்டளைகளின் பக்கம், இந்த மூன்றும் முடிந்தால் போதும். அறிமுகப் பயிற்சி 16 அத்தியாயம், கட்டளைகள் எழுபதைச் சுற்றி. இதைச் செய்ய ஒரு தனி மனிதர் வாழ்நாளைக் கொடுக்க வேண்டியதில்லை, நாலு பேர் மனசு வைத்தால் முடிகிற வேலை.

அந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் பராமரிப்பு ஏற்பாடு. கியோர்க் பிராண்டல் எழுதி 2008இல் வெளிவந்த ஸ்பிங்க்ஸ் என்ற கருவிதான் கையேட்டைப் பக்கங்களாக ஆக்குகிறது. அது மூலத்தைப் பத்தி பத்தியாகப் பிரித்துக் கோப்பில் போட்டுத் தரும், நாம் ஒவ்வொன்றுக்கும் அடியில் மொழிபெயர்ப்பை எழுதுகிறோம். நாளைக்கு ஆங்கிலத்தில் ஒரு பத்தி மாறினால் அந்தப் பத்திக்கான நம் மொழிபெயர்ப்புக்கு மட்டும் சந்தேகக் குறி விழும். யாராவது பார்த்துச் சரிசெய்கிற வரைக்கும் தளத்தில் அந்தப் பத்தி ஆங்கிலத்திலேயே தெரியும், மற்றதெல்லாம் தமிழில் இருக்கும். பழைய தகவலைத் தமிழில் காட்டிப் பிள்ளையை ஏமாற்றுவதைவிடச் சரியான தகவலை ஆங்கிலத்தில் காட்டுவது மேல் என்ற முடிவு அது. எனக்கு அது முழுச் சம்மதம். பிஎச்பி மொழியின் கையேட்டிலும் இதே அக்கறை உண்டு. மொழிபெயர்த்த ஒவ்வொரு கோப்பின் தலையிலும் இது ஆங்கில மூலத்தின் எந்தத் திருத்தத்தைப் பார்த்துச் செய்தது என்ற குறி இருக்கும், எந்தக் கோப்பு பின்தங்கியிருக்கிறது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.

பார்த்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. இணையப் பக்கங்களுக்கான நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் எல்லோரும் திறக்கிற எம்டிஎன் கையேட்டுத் தளத்தில் ஒரு காலத்தில் ஏகப்பட்ட மொழிகளில் பக்கங்கள் இருந்தன. 2020 ஆகஸ்டில், அந்தத் தளத்தை நடத்தும் மொசில்லா சுமார் 250 பேரை வேலையிலிருந்து நிறுத்தியது, அந்த வருஷக் கடைசியில் தளத்தின் உள்ளடக்கம், பலர் சேர்ந்து கோப்புகளைத் திருத்தும் இணையக் களஞ்சியமான கிட்ஹப்புக்கு மாறியது. அப்போது மொழிபெயர்ப்புகளையும் எடுத்துப் பார்த்தார்கள். பிரெஞ்சு, ஜப்பானியம், கொரியம், சீனம் என்று பராமரிக்கத் தன்னார்வலர் குழு முன்வந்த மொழிகள் நின்றன. ஆள் இல்லாத மொழிகளின் பக்கங்கள் தளத்திலிருந்து எடுக்கப்பட்டன. எத்தனையோ பேர் ராத்திரி கண்விழித்து மொழிபெயர்த்த பக்கங்கள் அவை. ஆனால் அந்த முடிவைத் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அந்தப் பக்கங்களில் பலவும் வருஷக்கணக்காகத் திருத்தப்படாமல் கிடந்தவை.

மொழிபெயர்ப்பு மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நிரலாக்கம் தொடங்குகிற எல்லோரும் செய்கிற ஒரு பயிற்சி, ஒரு சொல் முன்னும் பின்னும் ஒன்றா என்று பார்ப்பது. சொல்லைத் தலைகீழாகத் திருப்பி மூலத்தோடு ஒப்பிடும் இரண்டு வரி நிரல், ஆங்கிலச் சொற்களில் அருமையாக ஓடும். எங்கள் வகுப்பில் ஒரு மாணவி அதில் விகடகவியைப் போட்டாள். தமிழ்ப் பிள்ளை வேறு எதைப் போடும்! நிரல் இல்லை என்று சொல்லிவிட்டது. திரையில் திருப்பிக் காட்டச் சொன்னால், முன்னால் ஒட்டிக்கொள்ள எழுத்து இல்லாமல் ஓர் இகரக் குறி ஒற்றையாக நிற்கிறது, அதற்குப் பின்னால் வகடகிவ என்று வருகிறது. நீளத்தைக் கேட்டால் 7 என்கிறது. நமக்கு விகடகவி ஐந்து எழுத்து. கணினியில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் வி என்பது வகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு இடம் எடுத்துக்கொள்கிறது, பைத்தான் அந்த இடங்களைத்தான் எண்ணுகிறது, திருப்பும்போதும் அவற்றைத்தான் திருப்புகிறது. அதே கணக்கில் தமிழ் என்ற சொல்லின் நீளம் 5 என்று வரும். ஆங்கிலக் கையேட்டில் நீளம் பார்க்கும் கட்டளைக்கு, பொருளில் எத்தனை உறுப்புகள் இருக்கின்றனவோ அந்த எண்ணிக்கை என்று ஒரே வரியில் விளக்கம் இருக்கிறது. அது சரிதான். அதை அப்படியே தமிழாக்கினால் அதுவும் சரிதான். ஆனால் விகடகவி ஏன் தோற்றது என்று தெரிந்துகொள்ள வேண்டிய பிள்ளைக்கு அதில் பதில் கிடையாது. தமிழ் எழுத்துகளை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தருவதற்கு ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நிரலகம் இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் விகடகவி வென்றுவிடும். இந்தக் குறிப்பை ஜப்பான்காரரோ பிரெஞ்சுக்காரரோ நமக்காக எழுதித் தரப்போவதில்லை. தமிழில் சிந்திக்கிற ஒரு நிரலாளர்தான் கையேட்டின் அந்தப் பக்கத்தில் அதைச் சேர்க்க வேண்டும்.

இதெல்லாம் நம்மால் ஆகுமா என்று கேட்பவர்களுக்கு: ஆகியிருக்கிறது. கணினியில் தமிழ் என்றாலே உலகத் தமிழர்கள் மலேசியாவைத் திரும்பிப் பார்த்த காலம் உண்டு. நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1980களின் நடுவில் தொடங்கிய முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது, காரணம் ஒவ்வொரு புதிய கணினிக்கும் புதிய கைப்பேசிக்கும் தகுந்தாற்போல அதை மாற்றிக்கொண்டே வந்ததுதான். 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில்தான் நடந்தது. முத்து அண்ணாமலை எழில் என்று ஒரு நிரல்மொழியையே தமிழில் உருவாக்கி 2009இல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். பதிப்பி, ஆனால், இல்லை, முடி என்று தமிழிலேயே நிரல் எழுதலாம். தமிழ்நாட்டில் கணியம் இதழ்க்காரர்கள் 2012இலிருந்து கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள் இருக்கின்றன, தினமும் யாரோ திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். பொதுவில் வைத்துப் பலர் கைவைத்துப் பராமரிக்கும் பழக்கம் தமிழர்களுக்கு வராது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இடைநிலைப் பள்ளிக்குப் போனால் கணினிப் பாடம் மலாயில்தானே, வேலைக்குப் போனால் ஆங்கிலம்தானே, தமிழில் எதற்கு என்று சில பெற்றோர் என்னிடம் நேராகவே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. என் பதில் இது: எங்கள் வகுப்பில் நான் பார்க்கிற சிக்கல் மொழி மாறும் அந்த இரண்டு மூன்று வருஷத்தில்தான் இருக்கிறது. ஆறாம் ஆண்டு வரை அறிவியலும் கணக்கும் தமிழில் படித்துவிட்டு வரும் பிள்ளை, முதலாம் படிவத்தில் மலாயில் கருத்தையும் ஆங்கிலத்தில் பிழைச் செய்தியையும் ஒரே நேரத்தில் சந்திக்கிறது. கருத்து முதலில் தமிழில் பிடிபட்டுவிட்டால் மற்ற இரண்டு மொழியிலும் அதே கருத்தை அடையாளம் கண்டுகொள்கிறது, இதை நான் வகுப்பில் கண்ணால் பார்க்கிறேன். யாரும் ஆங்கிலத்தை விட வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் தமிழிலேயே சொல்லிவிடுகிறதே என்று அடுத்த கேள்வி வரும். சொல்கிறது. முதல் வரைவு மொழிபெயர்ப்புக்கு அதைப் பயன்படுத்தலாம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதுவும் யாரோ எழுதி வைத்ததிலிருந்து கற்றுக்கொண்டதுதான். தமிழில் சரியான, இன்றைய பதிப்புக்கான கையேடு இணையத்தில் இல்லாவிட்டால் அது எதிலிருந்து கற்றுக்கொள்ளும்? அது தருகிற விடையை ஒரு பிள்ளை சரிபார்க்க வேண்டுமென்றால் எதை வைத்துச் சரிபார்க்கும்?

இனி பணம். ஒரு முகாமுக்கு மண்டபம், சாப்பாடு, டி சட்டை, பதாகை, நினைவுப் பரிசு என்று செலவாகிறது. இதற்கெல்லாம் கொடையாளர் கிடைக்கிறார்கள், ஏனென்றால் பெயர் போட இடம் இருக்கிறது. போன வருஷம் போட்ட கையேட்டை இந்த வருஷப் பதிப்புக்குத் திருத்துவதற்கு யாரிடம் கேட்டாலும் கிடைப்பதில்லை. குடமுழுக்குக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கோயிலுக்கு ஆறுகால பூசை நடக்கிறது என்று நினைத்துக்கொள்வதுபோல் இருக்கிறது நம் நிலைமை. நான் கேட்பது பெரிய தொகை இல்லை. பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் இரண்டு தமிழ் மாணவர்களுக்குப் பகுதிநேர ஊதியம், அதுவும் வருஷம் முழுக்க. பினாங்கில் யுஎஸ்எம் எனப்படும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது, கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது, தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் நாளைய தமிழாசிரியர்கள் படிக்கிறார்கள். நிரல் தெரிந்த மாணவர் ஒருவர், பிள்ளைகளுக்குச் சொல்லும் விதம் தெரிந்த பயிற்சி ஆசிரியர் ஒருவர் என்று ஜோடியாக உட்கார்ந்தால் நல்ல கையேடு வரும். தனியாக நிரலாளர் எழுதினால் பிள்ளைக்குப் புரிவதில்லை, தனியாக ஆசிரியர் எழுதினால் சில சமயம் நிரல் ஓடுவதில்லை.

முகாம் நடத்துகிறவர்களிடம் என் வேண்டுகோள் இன்னும் எளிமையானது. அடுத்த கையேட்டின் முதல் பக்கத்தில் எந்தப் பதிப்புக்கு எழுதியது, எந்தத் தேதியில் சரிபார்த்தது என்று போடுங்கள். தவறு கண்டால் சொல்வதற்கு ஒரு மின்னஞ்சலோ புலன (வாட்ஸ்அப்) குழுவோ கொடுங்கள், வருகிற செய்திக்குப் பதில் சொல்ல ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அச்சடித்த கையேடு இருக்கட்டும், அதே கையேடு பொதுவில் யாரும் திருத்தம் அனுப்பக்கூடிய இடத்திலும் இருக்கட்டும். தனித்தனியாக ஆளுக்கொரு கையேடு போடாதீர்கள். மதிப்பை வைக்கும் மாறி, திரும்பத் திரும்பச் செய்தல், பட்டியல் என்று எல்லாக் கையேட்டிலும் அதே முதல் ஐந்து பாடம்தான் இருக்கிறது, ஆறாவது பாடத்தை யாருமே எழுதவில்லை. பிள்ளை கோப்பைத் திறந்து படிக்க வேண்டும் என்றால் எங்கே பார்ப்பது? பிழைச் செய்தி வந்தால் எங்கே பார்ப்பது? அறிமுகப் பாடம் ஒரு தடவை படிக்கிற விஷயம், தேடிப் பார்க்கிற கையேடு வருஷக்கணக்காகப் புரட்டுகிற விஷயம். நம்மிடம் முதலாவதுதான் குவிந்து கிடக்கிறது.

அதனால் எங்கள் சனிக்கிழமைக் குழுவில் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். புதிதாக அறிமுகக் கையேடு போடப்போவதில்லை. பைத்தான் தருகிற பிழைச் செய்திகளைத்தான் முதலில் தமிழில் விளக்கப்போகிறோம்: செய்தி அப்படியே, அது எப்போது வரும், அதை வரவழைக்கிற சின்ன நிரல், சரிசெய்த நிரல், எந்தப் பதிப்பில் சரிபார்த்தது. எல்லா நிரலும் கருவி ஓட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே போகும், அக்டோபரில் புதிய பதிப்பு வந்ததும் மறுபடி ஓட்டுவோம். வரியின் முன்னால் விடும் இடைவெளி தவறும்போது வருகிற இண்டென்டேஷன் எரரிலிருந்து தொடங்குகிறோம், எங்கள் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்வது அதில்தான். பிறகு அறிவிக்காத பெயரைப் பயன்படுத்தும்போது வரும் நேம் எரர், எண்ணையும் எழுத்தையும் கூட்டப்போனால் வரும் டைப் எரர் என்று போகும். கையில் ஓரளவு சேர்ந்ததும், மேலே சொன்ன அதிகாரபூர்வ மொழிபெயர்ப்புக்கு ஆள் திரட்டலாம் என்று இருக்கிறோம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு கால் பத்தி இடம் கொடுத்தால், வாரத்துக்கு ஒரு பிழைச் செய்தி வீதம் அனுப்பிவைக்கிறேன். இரண்டு நிபந்தனைகள் மட்டும் உண்டு: மேற்கோள் குறிகள் வளையாமல் அச்சாக வேண்டும், ஒரு வாரம் தவறாக வந்துவிட்டால் அடுத்த வாரம் அதே இடத்தில் திருத்தம் போட வேண்டும். முதல் நான்கு வாரத்துக்கானவை தயாராக இருக்கின்றன, நீங்கள் சரி என்றால் இந்த வாரமே அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் நீண்டநாள் வாசகி,
பாயான் லெப்பாஸ், பினாங்கு